கஞ்சித் தொட்டி முதல் கத்திவாக்கம் வரை

இராயபுரத்து மக்களிடம் ஸ்டான்லி மருத்துவமனை எங்கே என்று கேட்டால் சற்றே தயங்கிய காலம் ஒன்று இருந்தது. ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’ என்றால்தான் ரிக்‌ஷாக்காரருக்கும் விளங்கும். என் பாட்டியார் தம் கடைசி நாள்வரை அதை வேறு பெயரால் அழைத்ததில்லை. 1782-ஆம் ஆண்டு, சென்னையைப் பஞ்சம் வாட்டிய வேளையில், பசித்து வந்தோர்க்குக் கஞ்சி வார்ப்பதற்காக அங்கே ஒரு சத்திரம் தோன்றிற்று. மணியக்காரர் ஒருவரின் பொறுப்பில் இருந்தமையால் மணியக்காரர் சத்திரம் எனப் பெயர் பெற்று, ஆங்கிலேயர் நாவில் ‘மானேகார் சவுல்ட்ரி’ ஆயிற்று. கஞ்சிக்கு வந்தவர்களுள் நோயாளிகளும் இருந்தனர். அவர்கள் பொருட்டு மருத்துவம் வந்தது. மருத்துவத்தைத் தொடர்ந்து மருத்துவப் பள்ளி வந்தது. 1938-இல் அது ஆளுநராயிருந்த சர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரைத் தாங்கிய கல்லூரியாயிற்று. சத்திரமோ ஆதரவற்ற முதியோரின் புகலிடமாக நிலைத்துவிட்டது. ஆக, நோயாளரைப் பேணும் இடமும் முதியோரைப் பேணும் இடமும் எங்கள் பகுதியில் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை.

இந்தப் பழங்கதையை எனக்கு மீண்டும் நினைவூட்டியவர் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர். அரசு மருத்துவமனைகளில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றியவர். எங்கள் பங்கைச் சேர்ந்தவர். தம் பெயரை எழுதலாகாது என்ற நிபந்தனையோடு என்னைத் தம்முடன் அழைத்துச் சென்றார். சென்ற திங்களில் ஒரு சனிக்கிழமை முற்பகல், தண்டையார்பேட்டையில் ஆலயத்தை ஒட்டிய சிறு கூடம் ஒன்றில் பதினான்கு செவிலியர் கூடியிருந்தனர். நால்வர் தனியார் மருத்துவமனைகளில் இரவுப்பணி முடித்து நேரே வந்தவர்கள். ஐவர் நகர்ப்புறச் சுகாதார நிலையங்களைச் சேர்ந்தவர்கள். மூவர் வீடு வீடாகச் சென்று படுத்த படுக்கையாயிருப்போரைக் கவனிப்பவர்கள். எஞ்சிய இருவர் கன்னியர். ‘சிஸ்டர்’ என்று யாரேனும் அழைத்தபோதெல்லாம் பதினான்கு பேரும் திரும்பிப் பார்த்தது, அன்று நாங்கள் சிரித்த ஒரே சந்தர்ப்பம்.

முதியோர்க்கு வீட்டிலும் வெளியிலும் இழைக்கப்படும் கொடுமையை எவ்வாறு இனங்காண்பது, கண்டபின் என்ன செய்வது என்பதே அன்றைய பாடம். அம்மையார் விளக்கவுரை எதுவும் நிகழ்த்தவில்லை. “சென்ற வாரம் நீங்கள் பார்த்த முதிய நோயாளி ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வலி எப்படி இருக்கிறது என்று அவரைக் கேட்டீர்கள் அல்லவா? யார் பதில் சொன்னார்கள்?” என்று மட்டும் கேட்டார். சற்று நேரம் அமைதி. மகன், மருமகள், மகள், பேரன் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். நோயாளியே பதில் சொன்னார் என்று சொன்னவர் இருவரே.

“இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்” என்றார் அம்மையார்.

பிள்ளைகளை அடித்து வதைக்கும் பெற்றோர் உண்டு என்பதை மருத்துவ உலகம் ஏடுகளில் வெளிப்படையாகப் பேசத் தொடங்கியது 1962-இல், அமெரிக்கரான டாக்டர் கெம்ப்பும் அவர் தோழர்களும் எழுதிய கட்டுரைக்குப் பின்னர்தான். பெற்றோரை வதைக்கும் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதற்கு இன்னும் பதின்மூன்று ஆண்டுகள் பிடித்தன. 1975-இல் பிரிட்டனின் மருத்துவ இதழ்களில், ‘பாட்டிமாரை அடித்தல்’ என்ற கரடுமுரடான பெயரோடு அது முதலில் தலைகாட்டிற்று. அடிப்பது மட்டும் கொடுமையன்று. இழிசொல்லும் அச்சுறுத்தலும், பணத்தையும் சொத்தையும் பறிப்பதும், உடலின் மானத்தைக் குலைப்பதும், உணவும் மருந்தும் கொடாமல் விட்டுவிடுவதும் அதில் அடங்கும் என்பது பின்னர் தெளிவாயிற்று. நம்பிக்கைக்குரிய உறவில் இருப்பவர் செய்வது மட்டுமன்றி, செய்ய வேண்டியதைச் செய்யாது விடுவதும் கொடுமையே என்று 2002-இல் டொராண்டோ நகரில் வெளியான பிரகடனம் வரையறுத்தது. அறுபது வயதைக் கடந்தவர்களில் ஆறில் ஒருவர் ஓராண்டுக்குள் ஏதேனும் ஒரு வகைக் கொடுமைக்கு ஆளாகிறார் என்பது 2017-இல் உலக சுகாதார நிறுவனம் எடுத்துரைத்த கணக்கு. நம் நாட்டில் 2017-18-இல் நடந்த பெரிய ஆய்வில் அவ்வாறு சொன்ன முதியோர் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரே.

“நம் பிள்ளைகள் அவ்வளவு நல்லவர்களா சிஸ்டர்?” என்று ஓர் இளம் செவிலியர் கேட்டார்.

“கணக்கெடுக்க வந்தவர் கதவருகே நிற்கிறார். மகன் உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருக்கிறான். நம் வீட்டுத் தாய் என்ன சொல்வாள், நீயே சொல்” என்றார் அம்மையார்.

அடுத்த ஒரு மணி நேரம் முழுவதும் கன்றிய காயங்களைப் பற்றியே பேசினார். அதில் நான் கற்றது மிகுதி. வயது முதிர்ந்தவர்களின் தோல் வெங்காயச் சருகைப் போன்றது. முன்கையிலும் புறங்கையிலும் தொட்டாலே கருநீலம் பாயும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவராயின் சொல்லவே வேண்டா. ஆகவே கையில் கன்றலைக் கண்டவுடன் மகனைக் குற்றவாளியாக்குவது மடமை. கலிபோர்னியாவில் டாக்டர் லாரா மஸ்கேடாவும் குழுவினரும் முதியோரின் உடலைத் தினந்தோறும் பார்வையிட்டு 2005-இல் வெளியிட்ட ஆய்வில், தற்செயலாய் ஏற்பட்ட கன்றல்களில் பத்துக்கு ஒன்பது கைகால்களிலேயே இருந்தன. கழுத்திலோ காதிலோ பிட்டத்திலோ உள்ளங்காலிலோ ஒன்றுகூட இல்லை. இன்னொன்றும் தெரிந்தது: மஞ்சளாயிருந்தால் பழைய காயம், சிவப்பாயிருந்தால் புதியது என்று நாம் சொல்லிவரும் கணக்குப் பொய். நிறத்தைக் கொண்டு நாளைக் குறிக்கவே முடியாது. ‘மூன்று நாட்களுக்கு முந்திய காயம்’ என்று தாமே எத்தனையோ முறை பதிவேட்டில் எழுதியதாக அம்மையார் ஒப்புக்கொண்டார்.

எனவே செவிலியர் பார்க்க வேண்டியது காயத்தை மட்டுமன்று, காயமும் கதையும் ஒத்துப்போகின்றனவா என்பதை. குளியலறையில் வழுக்கியவருக்கு இரு மேற்கைகளின் உட்புறத்தில் விரல் பதிந்த தடம் எப்படி வரும்? கீழே விழுந்து நான்கு நாள் கழித்துக் கொண்டுவருவானேன்? போன முறை வேறு மருத்துவமனை, இம்முறை இது. அடுத்த முறை எது? சர்க்கரை மாத்திரை மாதக்கணக்கில் எழுதித் தந்தும் சர்க்கரை இறங்காதது மருந்தின் குற்றமா, மருந்து வாங்கப்படாத குற்றமா? பகலெல்லாம் உறங்கும் பாட்டிக்கு யார், எதைக் கொடுக்கிறார்கள்? அன்பின் அடையாளமாய்த் தோன்றுவதும் ஏமாற்றலாம் என்றார். 2010-இல் விருதுநகர் மாவட்டத்திலிருந்து வெளிவந்த ‘தலைக்கூத்தல்’ செய்திகளை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தளர்ந்த முதியவருக்கு உச்சிமுதல் உள்ளங்கால்வரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீரும் புகட்டி, குளிர்காய்ச்சலில் உயிர்போக விடுகிற வழக்கம் அது. எண்ணெய்க் குளியலும் இளநீரும் நம் வீடுகளில் செல்லத்துக்குத் தருபவை அல்லவா?

கேட்கும் முறைக்கும் பயிற்சி வேண்டும். மொன்றியால் நகரத்து டாக்டர் மார்க் யாஃபி குழுவினர் 2008-இல் ஆறே வினாக்கள் கொண்ட ஒரு சிறு படிவத்தை வெளியிட்டார்கள். ஐந்து வினாக்கள் நோயாளிக்கு. ஆறாவது வினா மருத்துவர் தமக்குத்தாமே கேட்டுக்கொள்வது. கண்ணைப் பார்க்காமல் பேசுகிறாரா, ஒடுங்குகிறாரா, அழுக்காயிருக்கிறாரா, காயம் உண்டா என்று. அம்மையார் அவ்வினாக்களை எங்கள் ஊர்ப் பேச்சுக்கு மாற்றியிருந்தார். “உங்களை யாராவது கொடுமைப்படுத்துகிறார்களா என்று கேட்டால் எந்தத் தாயும் இல்லை என்பாள். ‘ஆயா, காலையில என்ன சாப்ட்டீங்க? யார் போட்டுக் குடுத்தாங்க? முதியோர் பணம் வந்துச்சா, யார் போய் எடுத்தாங்க? கைநாட்டு வெச்சீங்களே, எதுக்குன்னு சொன்னாங்களா? வூட்ல யார் சத்தம் போட்டா பயமா இருக்கும்?’ என்று கேளுங்கள். ‘எக்ஸ்ரே அறைக்கு உறவினர் வரக்கூடாது’ என்று சொல்லி நோயாளியைத் தனியே அழைத்துப்போங்கள். இதில் பொய் ஒன்றுமில்லை.”

முதியோர் சொன்னதை அவர் சொன்ன சொல்லாலேயே எழுத வேண்டும். ‘நோயாளி தாக்கப்பட்டதாகத் தெரிகிறது’ என்பது சாட்சியன்று. ‘சின்னவன் கையை முறுக்கினான்’ என்பதே சாட்சி. உடலின் உருவத்தை வரைந்து காயம் எங்கே, எத்தனை சென்டிமீட்டர் என்று குறிக்க வேண்டும். ஐயமுற்றால் மருத்துவரிடம் சொல்லி விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் செய்ய வேண்டும். மகனோடு வாக்குவாதம் செய்யவே கூடாது. அவன் நோயாளியை அழைத்துக்கொண்டு போய்விடுவான், பிறகு நாம் பார்க்கப்போவதில்லை. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் அன்றிரவு வீட்டுக்கு அனுப்பாமல் படுக்கையில் சேர்த்துக்கொள்ள ஒரு மருத்துவக் காரணம் எப்போதும் கிடைக்கும்.

பிறகு, கேட்டவர்கள் தலைகுனியும்படி ஒன்று சொன்னார். இரவு வார்டில் கத்தும் கிழவரின் கையைக் கட்டில் கம்பியோடு துணியால் கட்டியது யார்? ‘ஏ கிழவி, சும்மா இரு’ என்று அதட்டியது யார்? நனைந்த படுக்கையை விடியும்வரை மாற்றாமல் விட்டது யார்? “ஒரு செவிலியர்க்கு நாற்பது நோயாளி என்பது காரணம்; மறுக்கவில்லை. ஆனால் மகன் சொல்லுவதும் ஒரு காரணம்தானே?”

உணவு இடைவேளையில், தாம் ஏன் இந்த வேலையை மேற்கொண்டார் என்பதை எனக்குத் தனியே சொன்னார். பல ஆண்டுகளுக்கு முன், மீன்பிடித் தொழிலில் ஓய்ந்த பெரியவர் ஒருவர் இரு மாதங்களில் மூன்று முறை அவர் வார்டுக்கு வந்தார். மூன்று முறையும் ‘கட்டுமரத்தின் மேல் தடுக்கி விழுந்தார்’ என்றான் உடன் வந்த மகன். “அவர் கடலுக்குப் போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் மகன் சொன்னதையே எழுதினேன். மூன்றாம் முறை அவர் வீடு திரும்பவில்லை.” அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முதியோர்க்கென்று தனி மருத்துவம் நாட்டிலேயே முதலில் வேர்விட்டது சென்னையில்தான் என்பதை இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். 1978-இல் டாக்டர் வ. செ. நடராசன் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோர் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் அத்துறையின் மேற்பட்டப் படிப்பு வந்தது. 2024-இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மையமும் திறக்கப்பட்டுள்ளது. இந்திய செவிலியர் மன்றம் 2021-இல் திருத்திய பாடத்திட்டத்தில் முதியோர் செவிலியத்துக்கு இடமிருக்கிறது. இவையெல்லாம் நல்லவை. ஆயினும், மருத்துவமனைக்கு வரவே முடியாத முதியோரின் வீட்டுக்குள் நுழையும் வெளியார் ஒருவர் உண்டானால் அவர் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ போன்ற திட்டங்களில் வீடு தேடிச் செல்லும் செவிலியரே. உறவினர் பார்க்க வரும்போது வீட்டைத் துடைத்து, புடைவை மாற்றி, முகம் கழுவி உட்கார வைப்பார்கள். மாதாமாதம் கட்டு மாற்ற வருபவருக்கு அந்த ஒப்பனை கிடையாது.

அப்படிப்பட்ட செவிலியர் ஒருவரோடு திங்கட்கிழமை எர்ணாவூர் சென்றேன். அவர் கூடத்தில் இருந்த பதினால்வருள் ஒருவர், இருபத்தாறு வயதிருக்கும். இராயபுரத்தில், படகோட்டிகள் தம் உழைப்பில் எழுப்பிய இராயப்பர் ஆலயத்தருகே சந்தித்துப் புறப்பட்டோம். 1856-இல் தென்னாட்டின் முதல் இரயில் கிளம்பிய நிலையத்தைக் கடந்து, காசிமேட்டுத் துறைமுகத்தின் மீன்வாடையைக் கடந்து, கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றோம். வலப்புறம் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள். இடப்புறம் துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் கண்டெய்னர் லாரிகள். காசிமேட்டில் எழுபது வயதைக் கடந்த மூதாட்டிமார் கூடையை முன்வைத்து மீன் விற்றுக்கொண்டிருந்தனர். கையில் காசு புழங்கும்வரை வீட்டில் மரியாதை இருக்கும் என்று செவிலியர் சொன்னார். அந்தக் காசு நின்றபின் வருவது மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை. 1962-இல் 20 ரூபாயாகத் தொடங்கிய தொகை அது. 2023 ஆகஸ்டில் 1,200 ஆயிற்று. சிறிய தொகைதான், ஆனால் அதைப் பெறும் அட்டை யார் கையில் இருக்கிறது என்பதைக் கொண்டு ஒரு வீட்டின் நிலையை அறியலாம் என்பது அவர் அனுபவம்.

சுனாமிக்குப் பின் கரையோர மக்களுக்காக எர்ணாவூரில் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகளுள் ஒன்றில், இரண்டாம் மாடி. (குடும்பம் அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மண்தரையில், கடல்முகத்தில், அக்கம்பக்கத்தாரின் பார்வையில் வாழ்ந்த முதியோரை மாடி ஏற்றியபின் அவர்கள் இறங்குவதேயில்லை. அன்று பார்க்கப்போன மூதாட்டி எழுபத்தெட்டு வயதினர். கதவு வெளியே பூட்டியிருந்தது, சாவி எதிர்வீட்டில். “நீங்கள் படியில் உட்காருங்கள் ஐயா. இது பார்க்கிற இடமன்று” என்று செவிலியர் என்னை நிறுத்திவிட்டார். ஆகவே நான் கண்டது கொஞ்சம். கேட்டதும் அவர் பின்னர் சொல்லலாம் என்று கருதிச் சொன்னதுமே மற்றவை.

மூதாட்டியின் தலை எண்ணெய் தடவி வாரி முடிந்திருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் சோற்றுக் கஞ்சியும் தண்ணீரும் மூடி வைக்கப்பட்டிருந்தன. இடக்கால் கட்டிற்காலோடு பழைய புடைவைக் கிழிசலால் கட்டப்பட்டிருந்தது. கணுக்காலைச் சுற்றித் தோல் உரிந்திருந்தது.

மகன் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் ஒப்பந்தக் கூலி. மருமகள் இரண்டு வீடுகளில் பாத்திரம் துலக்குகிறாள். கிழவிக்கு ஓராண்டாக நினைவு தவறுகிறது. இருமுறை தானாகப் படியிறங்கி, பழைய குப்பத்து வீட்டைத் தேடிக்கொண்டு, லாரிகளுக்கு நடுவே நின்றிருக்கிறாள்.

“லாரி அடிச்சிரும்னுதான் கண்ணு கட்டிப்போட்டுப் போறா. அவ மேல குத்தமில்ல” என்றாளாம் மூதாட்டி.

“கட்டும்போது வேணாம்னு சொன்னீங்களா ஆயா?”

“சொன்னேன்.”

அந்த ஒரு சொல்லைச் செவிலியர் அப்படியே குறிப்பேட்டில் எழுதியிருந்தார். தேதி, நேரம், காயத்தின் அளவு, அதன் கீழே ‘சொன்னேன்’.

பகல் பன்னிரண்டுக்கு மருமகள் வந்தாள். படிக்கட்டில் நின்றபடி இருவரும் பேசினார்கள். நான் கீழே இறங்கிவிட்டேன். ‘கொடுமை’ என்ற சொல்லே அந்தப் பேச்சில் வரவில்லை என்று பின்னர் அறிந்தேன். “நீ ராத்திரி எத்தன மணி நேரம்மா தூங்குற?” என்பதுதான் செவிலியரின் முதல் வினா. அதைக் கேட்டதும் அந்தப் பெண் அழுதுவிட்டாளாம். பிறகு, கட்டினால் கால் புண்ணாகிப் புரையோடும், தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் பேசப்பட்டன. இனிக் கட்டுவதில்லை, எதிர்வீட்டுப் பெண் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை உடனிருப்பாள், நினைவாற்றலைச் சோதிக்க மருத்துவரிடம் நாள் வாங்கித் தரப்படும், உதவித்தொகை அட்டை கிழவியின் தலையணைக்கு அடியிலேயே இருக்கும். இவை உடன்பாடு. வியாழக்கிழமை திரும்பி வருவதாகச் செவிலியர் சொன்னார். வியாழக்கிழமை கட்டு இருந்தால் அடுத்து என்ன செய்வது என்பதையும் எழுதி வைத்துத் தம் நிலையத்து மருத்துவரிடம் அன்றே காட்டினார்.

வியாழனன்று கட்டு இல்லை. அடுத்த வாரம் புதுத் தடம் இருந்தது. மருத்துவரின் ஒப்புதலோடு 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்குச் சொன்னார்கள். மருத்துவ அலுவலரே நேரில் போனார். பழவேற்காட்டில் கட்டிக்கொடுத்த மகள் வந்து தாயை ஒரு மாதத்துக்கு அழைத்துச் சென்றிருக்கிறாள். இதைத் தீர்வு என்பதா, தவணை என்பதா? செவிலியரைக் கேட்டேன். “அந்தப் பெண் ஒரு மாதம் தூங்குவாள் ஐயா” என்றார்.

எல்லா வீடும் இப்படிக் களைப்பில் இடறிய வீடன்று. எண்ணூர் வரை போனோம். 1970-இல் மின்சாரம் தரத் தொடங்கி 2017-இல் மூடப்பட்ட பழைய அனல்மின் நிலையத்தின் அருகிலும், கத்திவாக்கத்துத் தெருக்களிலும் ஆலையில் உழைத்து ஓய்ந்தவர்கள் பலர். அவர்களிடம் ஓய்வுத்தொகையும் உண்டு, ஒரு கிரவுண்டோ அரைக் கிரவுண்டோ வீடும் உண்டு. அங்கே கயிறு கட்டில்காலில் இல்லை, பத்திரத்தில் இருக்கிறது. வீட்டை மகன் பெயருக்குச் செட்டில்மெண்ட் எழுதிய மறு மாதமே திண்ணைக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர்.

இதற்குச் சட்டம் உண்டு. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்தில் விண்ணப்பித்து மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை பெறலாம். தம்மால் இயலாதாயின் பிறர் ஒருவருக்கோ ஓர் அமைப்புக்கோ அதிகாரம் கொடுத்தும் விண்ணப்பிக்கலாம். கைவிட்டவருக்கு மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. பேணிக் காப்பேன் என்ற நிபந்தனையோடு சொத்தைப் பெற்றுக்கொண்டு பேணாதவனின் பத்திரத்தை 23-ஆம் பிரிவின்படி செல்லாததாக்கலாம். மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவர் மகனுக்கு எழுதிய தானப் பத்திரத்தை 2025 சனவரியில் உச்ச நீதிமன்றம் இவ்வாறே நீக்கி, வீட்டைத் தாயிடம் ஒப்படைக்கச் சொல்லிற்று. ஆனால் அந்த நிபந்தனை எழுத்தில் இருப்பதே பாதுகாப்பு. ‘பெற்ற மகனிடம் நிபந்தனையா?’ என்று கூசுகிறவர்களுக்கு நான் சொல்வது, எழுதுங்கள் என்பதே. செவிலியர்க்கு இச்சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். அம்மையாரோ பதினான்கு பேரையும் அதை எழுதிப் பார்க்கச் செய்திருந்தார். அஞ்சி நிற்கும் முதியவர் முதலில் மனந்திறப்பது வழக்கறிஞரிடமன்று, ஊசி போட வருபவரிடம் என்பது அவர் வாதம்.

திரும்பும் வழியில் திருவொற்றியூரில் இறங்கினேன். பட்டினத்தாரின் சமாதி அங்கே கடலோரத்தில் இருக்கிறது. உலகைத் துறந்தவர், தாயைத் துறக்க முடியாமல் வந்து, பச்சை வாழைமட்டையை அடுக்கிப் பாடியே தீ மூட்டித் தாய்க்குக் கடன் கழித்தார் என்பது நாடறிந்த கதை. நம் பத்துக் கற்பனைகளில் நான்காவதைப் படித்து வளர்ந்த எனக்கு அக்கதை எப்போதும் நெருக்கமானது. அன்றைக்கு மட்டும் வேறொன்று தோன்றிற்று: தாய் இறந்தபின் வந்த மகனைப் பாடுகிறோம், இருந்தபோது கஞ்சி வார்த்தவர்கள் யாரென்று எவருக்கும் தெரியாது. 2021 முதல் சூலைத் திங்களின் நான்காம் ஞாயிற்றை முதியோர் நாளாக நாமும் கொண்டாடுகிறோம். மாலை இட்டு மேடையில் அமர்த்துகிறோம். அந்த மேடையில் முழுக்கைச் சட்டையின் பொத்தானை எவரேனும் மணிக்கட்டுவரை போட்டிருந்தால் ஏன் என்று இனி நான் பார்ப்பேன்.

வீடு திரும்ப இரவாயிற்று. என் தந்தையாருக்கு எண்பத்து நான்கு வயது. எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு ஆண்டுகள் உழைத்தவர். வேளைக்கு உணவும் மருந்தும் குறைவின்றிக் கிடைக்கின்றன; எங்கள் வீட்டில் அவரை யாரும் உரக்கப் பேசியதுகூடக் கிடையாது. ஆனால் அம்மையாரின் வினாக்களை மனத்துக்குள் ஒவ்வொன்றாக அவரிடம் கேட்டுக்கொண்டே வந்தவன், ஓய்வூதியத்தை யார் போய் எடுக்கிறார்கள் என்ற வினாவில் நின்றுவிட்டேன். வங்கிப் புத்தகம் ஐந்தாண்டுகளாக என் பீரோவில் இருக்கிறது. அவர் கேட்டதில்லை; நான் காட்டியதுமில்லை.

எடுத்துக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். “என்னடா இது?” என்றார். “உங்க புத்தகம்பா” என்றேன். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். ஆலையில் சரக்குக் கணக்கு எழுதியவர். அந்த விரல் அவசரப்படவில்லை. மூன்றாம் பக்கத்தில், ஓர் ஏப்ரல் மாதத்துக்கு எதிரே நின்றது.

“இது பன்னிரண்டாயிரம். எதுக்கு எடுத்தே?”

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தேன்.